அட்ஜஸ்ட்டுக்கு ஒரு முழு நாற்காலி

எங்கள் பூவிளாத்தூர் நகராட்சியில் அட்ஜஸ்ட் என்ற இங்கிலீஷ் சொல் இருபத்தெட்டு வருடம் எட்டு மாதம் வேலை பார்த்தது. மே முப்பத்தொன்றாம் தேதி அதற்குப் பணி ஓய்வு. வழக்கம்போல ஃபைல் என் மேசைக்கு வந்தது. நான் சொற்கள் பிரிவின் தலைமை எழுத்தர். பெயர் தணிகாசலம்.

ரிஜிஸ்டரில் ‘அது’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இத்தனை வருடம் என் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரை அது இது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என்றே சொல்கிறேன். ஆமாம், ஓரத்தில்தான். அவர் சேர்ந்த அன்று எங்கள் பிரிவில் நாற்காலி ஆறு, ஆட்கள் ஏழு. “நாளைக்கு வந்துடும், இன்னிக்கு மட்டும் இப்படி ஓரமா உக்காருங்க” என்றேன். நாற்காலி கேட்டு மேலே எழுதவும் எழுதினேன். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதலாம் என்றிருந்தேன், அப்புறம் மழைக்காலம் வந்துவிட்டது. அவரும் கேட்கவில்லை. ஒல்லியான ஆள், கேட்கிற சுபாவமும் கிடையாது. தபால் ஆபீசுக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் ஒன்றே கால் அடிச் சந்து ஒன்று இருக்கிறது. அதில்தான் குடியிருந்தார்.

எங்கள் பிரிவில் இங்கிலீஷ் சொற்கள் நிறைய. பஸ், டிக்கெட், ஃபேன், ஸ்டவ் எல்லாம் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு வேலை, ஒரு இடம், ஒரு வம்பும் இல்லை. அவர்களுடைய ஓய்வு ஃபைலும் சுலபம். டிரங்கால் ஓய்வு பெற்றபோது ‘தூரத்தில் உள்ளவருடன் கத்திப் பேச உதவியது’ என்று எழுதி அரை மணி நேரத்தில் முடித்தேன். கிராமபோனுக்கு அதுகூட ஆகவில்லை.

ஓய்வுப் படிவத்தில் பதினோராவது கட்டம் ‘பணியின் தன்மை’. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘ஒரு வரிக்கு மிகாமல்’ என்று இருக்கும். ஓய்வு பெறும் நாளன்று மாலை ஐந்தே முக்காலுக்குள் அந்தக் கட்டம் நிரம்பியாக வேண்டும். நிரம்பவில்லை என்றால், அதுவரை எத்தனை வருடம் உழைத்தாரோ அத்தனை வருடம் மறுபடியும் முதலிலிருந்து உழைக்க வேண்டும். மேட்டர் என்ற சொல் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. அதற்கு ஒரு வரி எழுத ஐந்து பேர் உட்கார்ந்தோம், யாருக்கும் எழுதக் கை வரவில்லை. ஐந்தே முக்கால் அடித்துவிட்டது. பாவம், நரைத்த தலையோடு இன்னும் ஊர் முழுக்க அலைந்துகொண்டிருக்கிறது.

அட்ஜஸ்ட்டுக்கு அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன். அவருக்கு ஓய்வில் வேறு எந்த ஆசையும் இல்லை. ஒரே ஒரு தடவை, ஃபைலைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

“வழியனுப்பு விழாவுல ஆணையர் நாற்காலியில உக்கார வைப்பீங்கல்ல சார்?”

“ஆமா, அது வழக்கம். கை வெச்ச நாற்காலி, மெத்தை போட்டது.”

“அதுல முழுசா உக்காரணும் சார். சாஞ்சு.”

சொல்லிவிட்டுத் தப்பாக ஏதோ கேட்டுவிட்டவர் போல நாற்காலி ஓரத்திலிருந்து இன்னும் இரண்டு விரற்கடை தள்ளிக்கொண்டார்.

“அப்போ நீங்க என்ன வேலை பார்த்தீங்கன்னு சுருக்கமா சொல்லுங்க, எழுதிடுவோம்” என்றேன்.

“எதை வேணும்னாலும் போட்டுக்குங்க சார். எனக்கு ஒண்ணும் இல்ல.”

இவரோடு இதுதான் தொல்லை. நானே எழுத உட்கார்ந்தேன். பஸ்ஸில் இடம் போடுதல். ஆண்டெனாவைத் திருப்புதல். சைக்கிள் சீட்டை ஏற்றுதல், இறக்குதல். அக்காவின் ஜாக்கெட்டைப் பிரித்துத் தங்கைக்குத் தைத்தல். விளையாட்டுப் பீரியடில் கணக்குப் பாடம் நடத்துதல். வராத தவில்காரருக்குப் பதில் இருக்கிற தவில்காரரை இரண்டு கல்யாணத்துக்கும் அனுப்புதல். கடிகாரத்தை முன்னே வைத்தல். பஞ்சாங்கத்தைப் பின்னே வைத்தல். அடேயப்பா, எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. நாற்பத்தேழு வரி ஆயிற்று. நாற்பத்தெட்டாவது வரிக்குத் தாளில் இடமில்லை. அவரே வந்து வரிகளை மேலே கொஞ்சம் நெருக்கிவிட்டு இடம் செய்து கொடுத்தார்.

ஆணையர் எஸ்தர் ஜெயமணி மேடம் அதை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு ஸ்கேலை எடுத்துப் படிவத்தில் வைத்து அளந்தார்.

“தணிகாசலம், கட்டத்தோட உயரம் கால் அங்குலம்.”

“மேடம், அவருக்கு வேலை ஜாஸ்தி.”

“வேலை ஜாஸ்தியா இருக்கலாம், தன்மை ஒண்ணுதான் இருக்கணும். அவரை ரொம்ப நாளா உபயோகிக்கிறவங்க மூணு பேர்கிட்ட வாக்குமூலம் வாங்கிட்டு வாங்க. அதுல கிடைக்கும்.”

அன்று மே இருபத்தெட்டு. மூன்று நாள் இருந்தது. கைப்பையில் படிவத்தையும் வாக்குமூலத் தாளையும் வைத்துக்கொண்டு அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் டவுன் பஸ். கண்டக்டர் மாசிலாமணி எங்களைப் பார்த்ததும், எங்களை என்றால் அவரைப் பார்த்ததும், “வாங்க வாங்க, மூணாவது வரிசை” என்றார். மூன்று பேர் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவதாக ஓர் அம்மாள் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். அட்ஜஸ்ட் அந்த மூன்று பேருக்கு நடுவில் உடம்பை நுழைத்தார். மூவரும் ஒரு மூச்சு விட்டுச் சுருங்கினார்கள், அம்மாள் உட்கார்ந்துவிட்டார், கூடை மட்டும் என் மடிக்கு வந்தது. இப்படியே ஆறு வரிசை. அவர் சட்டை முழுக்க வேர்வை.

“இவர் ஓய்வு பெறப் போறார். என்ன வேலை பார்த்தார்னு ஒரு வரி சொல்லுங்க” என்றேன்.

“ஓய்வா! என்னா சார் தலையில கல்லைப் போடுறீங்க? இந்த ரூட்டுக்கு இன்னொரு பஸ் விடச் சொல்லி பத்து வருஷமா ஜனங்க மனு குடுக்குது. இவரு இருக்கறதாலதான் இன்னொண்ணு விடாமலே ஓட்டிக்கிட்டிருக்கோம்.” மாசிலாமணிக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. முன்பக்கம் தனக்கென்று இருக்கும் ஒற்றை சீட்டில் அகலமாக உட்கார்ந்தபடி யோசித்தார். “இடத்தைப் பெருசு பண்றவருன்னு எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன். கூடை முருங்கைக்காய்க் கூடை. இறங்கும்போது இரண்டு காய் என் பையில் இருந்தது.

மறுநாள் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு. வைகாசி முகூர்த்தம், அறுநூறு இலை. சமையல் மாஸ்டர் பரசுராமன் அண்டா சாம்பாரில் உப்பைக் கையால் அள்ளிப் போட்டார். ஒரு தடவை போட்டது மறந்துபோய் இன்னொரு தடவையும் போட்டார். ருசி பார்த்த உதவியாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். மாஸ்டர் ஒன்றும் பதறவில்லை. கரண்டிக் காம்பால் எங்களுக்குப் பந்திப் பக்கம் காட்டினார். அட்ஜஸ்ட் முதல் இலையிலிருந்து நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவர் நாக்கையும் லேசாகத் தொட்டுக்கொண்டே போனார். அறுநூறு பேரும் சாப்பிட்டுவிட்டு, “பரவால்ல, நல்லாத்தான் இருக்கு” என்று எழுந்து போனார்கள். அவர் திரும்பி வரும்போது இரண்டு கையும் வெந்தது போலச் சிவந்திருந்தது.

“உப்பைக் குறைக்கிறவரு” என்றார் மாஸ்டர்.

“நேத்து கண்டக்டர் பெருசு பண்றவர்னு சொன்னாரே.”

“அது அவரு பாடு. நான் என் சாம்பாரைத்தான் சொல்ல முடியும். இவரு போயிட்டா நான் அளந்து போட வேண்டி வரும் சார். இந்த வயசுல புதுசா அளக்கக் கத்துக்கறதுன்னா என்னத்தைச் சொல்ல!”

பெரிசு பண்ணுகிறவர், குறைக்கிறவர். எனக்குத் தலை கிறுகிறுத்தது.

முப்பதாம் தேதி அன்வர் பாஷாவின் ஸ்டுடியோ. அவருடைய கேமரா ஸ்டாண்டுக்கு ஒரு கால் குட்டை. இருபத்தேழு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. அதனால் படத்தில் எல்லாரும் வலது பக்கம் சாய்ந்து விழுவார்கள். அட்ஜஸ்ட் போய் ஒவ்வொரு தலையாக இடது பக்கம் சாய்த்து வைப்பார், படம் நேராக வரும். எங்கள் ஊர்க் கல்யாணப் படங்களில் எல்லாருக்கும் கழுத்து வலி முகம் இருப்பது இதனால்தான். என் கல்யாணப் படத்திலும் உண்டு.

“நேரா வைக்கிறவர்” என்றார் பாஷா.

“சாய்ச்சு வைக்கிறவர்னுல்ல எழுதணும்?”

“சாய்க்கறதைத்தான் அண்ணே நான் நேரா வைக்கறதுன்னு சொல்றேன்.”

அத்தோடு வாக்குமூலம் முடிந்தது. மூன்று வரி கையில் இருந்தது, மூன்றும் மூன்று திசையைப் பார்த்தது. திரும்பி வரும்போது அவரைச் சந்து வரை கொண்டுபோய் விட்டேன். சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தவர், “வரி வரலேன்னா விடுங்க சார், பாத்துக்கலாம்” என்றார். அவர் குரலில் குறையே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். அவரும் வந்தார். இருபத்தாறு வருடமாக வந்துகொண்டுதான் இருந்தார். அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஜன்னல் கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மனைவி கோமளவல்லி கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும் என்றாள். அந்தச் சுவரின் மறுபக்கம் கூடம், காற்றும் வெளிச்சமும் அங்கேதான். அங்கே என் சாய்வு நாற்காலியும், அதற்குத் தோதாக என் புத்தக அலமாரியும் இருக்கின்றன. ஜன்னல் வைத்தால் இரண்டையும் நகர்த்த வேண்டும். நான் ஆபீசிலிருந்து அட்ஜஸ்ட்டை அழைத்து வந்தேன். அவர் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. அதிலிருந்து அவர் தினமும் ஒரு மணி நேரம் அங்கே வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அவள் பி.எட். படிக்கக் கேட்டபோது அவர் வாசற்படியில் நின்றார். தீபாவளிக்குத் தாய் வீட்டுக்குப் போகிறேன் என்றபோது பெட்டிமேல் உட்கார்ந்தார். மற்றபடி அவர்கள் இருவரும் நல்ல சிநேகம். அவருக்கு அரை டம்ளர் காபி தினமும் உண்டு. நின்றுகொண்டே குடிப்பார்.

கோமளா என்னைப் பற்றி ஒரு குறையும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்ல வேண்டும், அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் சுவரில் இருக்கும் திருத்தணி முருகன் காலண்டரைக் காட்டுவாள். காலண்டர் இல்லாத இடத்தில் கையால் ஒரு மலையும் அதன்மேல் ஒரு வேலும் வரைந்து காட்டுவாள். எல்லாரும் புரிந்துகொள்வார்கள். இருபத்தாறு வருடத்தில் அவள் வாயிலிருந்து என் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

முருங்கைக்காய் சாம்பார் ஊற்றும்போது இலை ஓரத்தில் கிடந்த படிவத்தைப் பார்த்தாள். அடுப்புச் சூட்டில் முகம் சிவந்து கிடந்தது.

“என்னாங்க, இன்னும் காலியா கிடக்குது?”

“ஒரு வரியில அடங்க மாட்டேங்குது. கண்டக்டர் ஒண்ணு சொல்றாரு, மாஸ்டர் ஒண்ணு சொல்றாரு.”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க கூப்பிட்டவங்க.” முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அரிசி டிரம் பக்கத்தில் நின்ற அட்ஜஸ்ட்டைப் பார்த்தாள். “ஒருத்தர் நகராம இருக்கறதுக்காக மத்தவங்க நகர்ந்துக்கறது. அவ்வளவுதானே இவரு வேலை?”

அட்ஜஸ்ட் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணீர்ச் சொட்டு ஒன்று காபி டம்ளருக்குள் விழுந்தது. எச்சில் கையோடு எழுந்து பேனாவைத் தேடினேன்.

முதலில் வாக்குமூலங்களோடு ஒத்துப் பார்த்தேன், அது என் கடமை. மாசிலாமணி தன் சீட்டை விட்டு நகரவில்லை, இன்னொரு பஸ்ஸும் டிப்போவை விட்டு நகரவில்லை, அதற்காக வரிசைக்கு நாலு பேர் நகர்ந்தார்கள். சரி. மாஸ்டரின் கை மாறவில்லை, அறுநூறு நாக்கு மாறிற்று. சரி. ஸ்டாண்டின் கால் அப்படியே இருக்கிறது, ஊரின் கழுத்து சாய்ந்தது. அதுவும் சரி. எங்கள் வீட்டை ஒத்துப் பார்க்கவில்லை, அது வாக்குமூலத்தில் சேரவில்லை. ஆனாலும் எழுதி முடிக்கும்போது காது இரண்டும் சூடாக இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அந்த ஒரு வரியைக் கால் அங்குலத்தில் அடக்கி எழுதவே நாலரை மணி ஆகியிருந்தது. நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தோம். ஆபீஸ் இருபது நிமிடத் தூரம். ஆனால் வழியெல்லாம் அவரை விடவில்லை. தையல் கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்து பஸ்ஸை நிறுத்தி, ஒரு காற்சட்டை இடுப்புக்காக அவரை இறக்கிக்கொண்டார். மணிக்கூண்டுக் கடிகாரத்தைத் திருப்பிவைக்க ஒருவர் கூப்பிட்டார். கடைசி நாள் என்று தெரிந்து எல்லாரும் மிச்சம் மீதியை முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். மாசிலாமணியும் அவர் ஏறும்வரை பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று நின்றார். ஒரு வகையில் அது மரியாதைதான்.

ஐந்தரை மணிக்கு நாங்கள் நகராட்சிக்கு முந்தின நிறுத்தத்தில் இருந்தோம். ஒரு பெரியவர் ஏறினார். மூன்று பேர் சீட்டில் ஏற்கெனவே நாலு பேர். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றார். அட்ஜஸ்ட் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நாலு பேருக்கு நடுவில் நுழைந்தால் வெளியே வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“யோவ், அவரை விடுங்கய்யா! இந்தாங்க, என் இடத்துல உக்காருங்க!”

சொல்லிவிட்டு எழுந்து நின்றேன். பெரியவர் உட்கார்ந்தார். என் இடுப்பில் ஏதோ லேசாகச் சுருங்கின மாதிரி இருந்தது. பெல்ட்டைப் பார்த்தேன், ஒரு துளை தளர்ந்திருந்தது. அதை யோசிக்க நேரமில்லை.

மேடம் மேசையில் படிவத்தை வைத்தபோது ஐந்து நாற்பத்தொன்று. பதினோராவது கட்டத்தை இரண்டு தடவை படித்தார்.

“யார் சொன்னது?”

“வீட்ல மேடம்.”

“ம்” என்றார். ஸ்கேலால் அளந்தார். சரியாகக் கால் அங்குலம். கையெழுத்துப் போட்டார்.

விழா நடந்தது. சந்தனம், சால்வை, ரோஜா மாலை, ஆளுக்கொரு தட்டில் காராசேவும் பாதுஷாவும். மேடம் தன் நாற்காலியை நடுவில் போடச் சொன்னார். அட்ஜஸ்ட் வந்து வழக்கம்போல அதன் ஓரத்தில் இரண்டு விரற்கடை இடத்தில் உட்கார்ந்தார்.

“நல்லா உக்காருங்க” என்றார் மேடம்.

அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார். எங்களைப் பார்த்தார். யாரும் பக்கத்தில் உட்கார வரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். அப்புறம் மெதுவாகச் சாய்ந்தார். சாயச் சாய அவர் விரிந்தார். தோள் இரண்டும் நாற்காலிக்கு வெளியே வந்தன. கைகளைக் கைப்பிடியில் வைத்தபோது கைப்பிடி மறைந்துபோயிற்று. அவர் எவ்வளவு அகலமானவர் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சால்வை பாதி முதுகுக்குத்தான் எட்டியது. “அப்பாடா” என்றார். அந்தச் சத்தத்தில் காராசேவு தட்டுகள் அதிர்ந்தன. நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஸ்டவ்வும் அழுதது.

வீட்டில் கொண்டுபோய் விட நகராட்சி ஜீப். பின் சீட்டு முழுக்க அவரே உட்கார்ந்தார். டிரைவர் பக்கத்தில் நானும் இன்னும் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு போனோம். யாரும் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஓய்வு பெற்ற சொல்லை உபயோகிக்க விதியில் இடமில்லை. சந்து வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

ஜூன் முதல் தேதி காலை ஊரில் வாக்கியங்கள் பாதியில் நின்றன. பஸ்ஸில் ஏறினவர்கள் “கொஞ்சம்” என்றார்கள், அதற்கு மேல் வாய் திறந்தபடி இருந்தது. மண்டபத்தில் முன்னூறு பேர் ஒரே நேரத்தில் மோர் கேட்டார்கள். ஸ்டுடியோவில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக வலது பக்கம் சாய்ந்து விழுந்துவிட்டார்கள். பத்தரைக்குள் நகராட்சி வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது, எல்லாரும் “கொஞ்சம், கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“புது ஆள் போட இப்போதைக்கு அனுமதி இல்லை தணிகாசலம். யாராவது கூடுதல் பொறுப்பா பார்க்கணும். நேத்து பஸ்ல நீங்க எழுந்து நின்னீங்களாமே? மாசிலாமணி சொன்னார்.”

“ஆமா மேடம். அவசரத்துக்கு.”

“முன் அனுபவம் இருக்குன்னு போட்டுடறேன்.”

ஆணை அரை மணியில் டைப் ஆகி வந்தது. இரண்டாவது பத்தியில் எல்லா ஆணையிலும் இருக்கிற வாசகம் இதிலும் இருந்தது: பொறுப்பு வகிப்பவர் தம் சொந்தப் பெயரிலேயே பணியாற்ற வேண்டும். நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன். வாசலுக்கு வந்ததும் பஸ் படியிலிருந்து மாசிலாமணி கைதட்டிக் கூப்பிட்டார்.

“மூணாவது வரிசை! கொஞ்சம் தணிகாசலம் பண்ணிக்குங்க!”

இடுப்பு தானாகச் சுருங்கியது. போய் நுழைந்தேன். முதல் வரிசையில் கொஞ்சம் தடுமாற்றம், மூன்றாவதில் கை வந்துவிட்டது. மதியம் மண்டபத்தில் முன்னூறு நாக்கு. உப்பு இவ்வளவு சுடும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பிக் கையெழுத்துப் போடப் போனபோது என் நாற்காலியில் டிக்கெட் உட்கார்ந்திருந்தது. நான் அதன் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன், இடம் போதுமானதாகவே இருந்தது.

வீட்டுக்குப் போனேன். வாசலில் செங்கல் தூள். உள்ளே கொத்தனார் ஒருவர் கிழக்குச் சுவரைப் பாதி இடித்திருந்தார். புது ஜன்னல் சட்டம் ஒன்று அடுப்பங்கரையில் சாத்தி வைத்திருந்தது. என் அலமாரி வாசற்பக்கம் போயிருந்தது. கூடத்தில் என் சாய்வு நாற்காலியில் அட்ஜஸ்ட் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் நாங்கள் இறக்கிவிட்டதும் சந்துக்குள் நுழையப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. ராத்திரி முழுக்கத் தபால் ஆபீஸ் படியில்தான் இருந்தாராம். காலையில் கோமளா போய் அழைத்து வந்துவிட்டாள். அவர் கையில் முழு டம்ளர் காபி இருந்தது.

“வாங்க சார்” என்றார். எழுந்திருக்கவில்லை.

கொத்தனார் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் நான் நின்றிருந்தேன். “அண்ணே, கொஞ்சம்…” என்றார். அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்த ஆணை விவரம் அவருக்கு மட்டும் தெரியாது.

கோமளா அடுப்பிலிருந்து திரும்பினாள். இடித்த சுவர் வழியாக வந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. பழக்கத்தில் கை காலண்டர் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு கையை இறக்கிக்கொண்டாள்.

“என்னாங்க, கொஞ்சம் தணிகாசலம் பண்ணிக்குங்க” என்றாள்.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கைக்குள் சிரித்தாள். கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை, சத்தமாக, கொத்தனாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

அவள் குரலில் என் பெயர் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நன்றாகத்தான் இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றேன். கோமளா அரை டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தேன். அங்கே இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது.